மதர்போர்டு மாற்றிய பிறகு

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கருகிய வாடை. அப்பா ஓடிவந்து மெயினை அணைத்தார்.

சர்வீஸ் பார்க்கும் அப்பாஸ் அண்ணன் வந்து பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஒரு பல்லி, பாதி கருகி, ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"குறுக்க விழுந்திருக்கு அண்ணாச்சி. பவர் சப்ளையும் போச்சு, மதர்போர்டும் போச்சு. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பிச்சிருச்சு."

"எந்த இடத்துல விழுந்துச்சுன்னு பாரு, காலண்டர்ல பலன் பாத்துருவோம்" என்றார் எதிர்க்கடை டெய்லர் மாமா. அப்பா சிரிக்கவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் கடையில் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், காதணி விழா பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதில்தான். டைப் அடிப்பது நான். ஆட்களிடம் பேசுவது அப்பா. என்னிடம் யாராவது நேராகக் கேட்டால் தலையை ஆட்டுவேன், இல்லையென்றால் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டுவேன். போன வருஷம் பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எனக்குக் கணக்கு வராது.

ஜூலை 9, புதன்

போர்டு மாற்றியே ஆக வேண்டும். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி சென்னைக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கடையைப் பார்க்கப் போகிறார்கள். பிடித்துப்போனால் வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடும் மையமாக எங்கள் கடையை ஆக்கிவிடுவார்கள். போஸ்டரும் பத்திரிகையும் மட்டும் வைத்து இனிமேல் கடை நடத்த முடியாது. எல்லாரும் போனிலேயே பத்திரிகை செய்து அனுப்பிவிடுகிறார்கள். இது கிடைக்காவிட்டால் தீபாவளிக்கு மேல் கடையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். வேப்பங்குச்சி சொருகியிருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். கை வலிக்கிறது.

ஜூலை 12, சனி

புதுப் போர்டு, புது ராம். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் எல்லாம் அப்படியே வந்தது. பழைய பத்திரிகைகள், போஸ்டர்கள், நான் வைத்த பெயர்கள் எல்லாம். ஆனால் ஸ்க்ரீனின் வலது ஓரத்தில், கீழே, சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அசல்தான வாங்கினோம்?" என்றார் அப்பா.

"அசல்தான் அண்ணாச்சி. ஆனா விண்டோஸுக்கு மதர்போர்டுதான் மூஞ்சி. மூஞ்சி மாறிட்டா, நீ யாருன்னு கேக்கும்."

"இப்ப என்ன செய்யணும்?"

"லைசன்ஸ் யாரு அக்கவுண்ட்ல இருக்கோ, அதுல உள்ள போயி, போர்டைத்தான் மாத்திருக்கேன், இது அதே மெஷின்தான்னு சொல்லணும். சொன்னா ஒத்துக்கும்."

"அப்பச் சொல்லு."

அப்பாஸ் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த அக்கவுண்டைத்தான அண்ணாச்சி போன வருஷம் மெஷின்லருந்து எடுக்கச் சொன்னீங்க. அவ பேர்ல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துருன்னு."

"எடுத்துட்டேல்ல. பெறகென்ன?"

"நம்ம மெஷின்லருந்துதான் எடுத்தேன். அங்க, விண்டோஸ்காரங்க கணக்குல, இன்னும் அந்தப் பேர்லதான் இருக்கும்."

அந்தப் பெயர் மேகலா. என் அக்கா. வீட்டில் சொல்வதில்லை. நோட்டில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கள்ளச் சாவி போட்டு அந்த வரியை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். எடுக்கலாம், ஆனால் கம்பெனிக்காரர்கள் ஏற்றும் சாஃப்ட்வேர் முதலில் இதைத்தான் சோதிக்கும், மாட்டிக்கொள்வோம் என்றார் அப்பாஸ் அண்ணன். புதிதாக ஒன்று வாங்கக் கழற்றுவதற்கு அம்மாவின் காதில் இனி ஒன்றும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

கடை லீவு. போர்டைத் துடைத்தேன். கடைக்கு மேலே இருக்கும் பெயர்ப் போர்டைச் சொல்கிறேன். அதில் இப்போது 'கம்ப்யூட்டர்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த மூன்றெழுத்தின் மேல் அப்பாவே வெள்ளைப் பெயின்ட் அடித்தார். மத்தியானம் வெயில் நேராக விழும்போது அடியிலிருக்கும் சிவப்பு லேசாகத் தெரியும். அந்த இடத்தையும் துடைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

அப்பாஸ் அண்ணன் அக்காவின் ஈமெயிலைப் போட்டுப் பார்த்தார். பாஸ்வேர்டு தெரியாது. அப்பா மூன்று சொன்னார், மூன்றும் தப்பு. கடைசியில் மறந்துவிட்டது என்று அமுக்கினார். ஒரு போன் நம்பருக்கு ஓடிபி கோடு அனுப்புகிறேன் என்று வந்தது. நம்பரின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டியது. 47.

"யாரு நம்பர் இது?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். போன வருஷமே எல்லாப் போனிலிருந்தும் அதை அழித்தாகிவிட்டது. எனக்குத் தனியாகப் போன் கிடையாது. அந்த நம்பர் எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூலை 16, புதன்

அப்பாஸ் அண்ணன் ஓர் உதவி எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார். தமிழில் பேச ஒன்றை அழுத்தவும் என்றதும் அப்பாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். மிக மரியாதையாகப் பேசினாள்.

அப்பா பல்லியிலிருந்து ஆரம்பித்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு சார்?" என்றாள்.

"எங்க கடை மெஷின்தாம்மா."

"புரியுது சார். அக்கவுண்ட் ஹோல்டர் பேரு?"

அப்பாஸ் அண்ணன் பேரைச் சொன்னார். அப்பா வெளியே ரோட்டைப் பார்த்தார்.

"அவங்க பக்கத்துல இருந்தா லைன்ல வரச் சொல்லுங்க சார். ரெண்டு நிமிஷ வேலைதான்."

"அவ இல்லம்மா."

"வெளியூர்ல இருக்காங்களா சார்?"

"இல்ல."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "சாரி சார். அவங்க தவறிட்டாங்களா? அப்படின்னா வேற முறை இருக்கு. அதான் கேக்குறேன்."

டெய்லர் மாமா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

அப்பா போனைக் கட் செய்துவிட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேப்பர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கடையில் பேப்பர் நிறைய இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. மளிகைக்கடைக்காரரின் அம்மா இறந்துபோனதற்குப் போஸ்டர் அடித்தேன். தொண்ணூற்றிரண்டு வயது. பேரன், கொள்ளுப்பேரன் பெயர்களுக்கே பாதி இடம் போய்விட்டது. நல்ல போஸ்டர்.

ஜூலை 18, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது ஒருவர் வந்தார். பக்கத்து ஊர். வெள்ளை வேட்டி, சவரம் செய்யாத முகம். கூட ஒருவர் வந்து ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கணும் அண்ணாச்சி."

"உக்காருங்க. பெரியவங்களா?"

"மக."

அப்பா எழுந்து நின்றார். "அய்யோ. எப்ப?"

அவர் போட்டோவை மேஜைமேல் வைத்தார். யூனிபார்மில் ஒரு பெண். ஹால் டிக்கெட்டில் ஒட்ட எடுத்தது போல இருந்தது. "சாகல அண்ணாச்சி. ஓடிட்டா. நீங்க போன வருஷம் போட்டீகள்ல, அதே மாதிரி வேணும். மாலை, விளக்கு எல்லாம் வச்சு. எங்க ஊருக்குள்ள நாளைக்குக் காலையில ஒட்டிறணும்."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் போஸ்டரைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. அதை அப்பாவே செய்தார், ஒற்றை விரலால் டைப் அடித்து. சித்தி மகளின் காதணி விழாவில் அக்கா சிரித்துக்கொண்டிருந்த போட்டோவை வெட்டி எடுத்தார். தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று அவள் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போன தேதி. பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள், எங்கள் தெருவில் ஒட்டினார்கள், பெண்கள் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் மழை வந்து கிழியும்வரை இருந்ததாம். நான் அதற்கு முன்பே நின்றுவிட்டேன், கணக்கு வராததால்.

"என்ன அண்ணாச்சி, பாத்துக்கிட்டே இருக்கீக?"

"மறைவுன்னு என்ன தேதி போடுறது?" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவ ஓடுன தேதிதான். நீங்க அப்படித்தான போட்டீக?"

அப்பா போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அவர் பக்கமே நகர்த்திவைத்தார்.

"மெஷின் சரியில்லங்க. லைசன்ஸ் இல்ல. பாருங்க, ஓரத்துல எழுதியிருக்கு. இதுல போஸ்டர் அடிக்க முடியாது."

"நாளைக்கு வரட்டா?"

"நாளைக்கும் முடியாது."

அவர் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பெரிய மனுஷன்னு நெனச்சு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரோட்டில் நின்றவர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஓரத்தில் அந்த வரி இருந்தாலும் போஸ்டர் அடிக்கலாம். நேற்றுத்தான் அடித்தோம். அப்பாவுக்கும் தெரியும்.

ஜூலை 19, சனி

சாயங்காலம். கடையில் நானும் அப்பாவும்தான். அப்பா தன் போனை எடுத்து, லாக்கைத் திறந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாப்பா, டீ குடிச்சிட்டு வாரேன். கொஞ்சம் லேட்டாகும்."

அப்பா பாத்ரூமுக்குப் போனாலும் போனைக் கொண்டுபோகிறவர். போன வருஷத்திலிருந்து அந்தப் போனை நான் தொட்டதில்லை. ஸ்க்ரீன் அணையப் பார்த்தது. அணைந்தால் திரும்பத் திறக்க எனக்குத் தெரியாது. விரலை வைத்துவிட்டேன். ஞாபகம் இல்லை என்று எழுதினேனே, அந்த நம்பரைத்தான் அடித்தேன்.

மணி அடித்தது. எடுத்துவிட்டாள்.

"அப்பா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அப்பா, சொல்லுங்கப்பா. அம்மாவுக்கு ஏதாச்சுமா? அப்பா?"

"நான்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"மாலு."

"உன் போனுக்கு ஒரு கோடு வரும். அதைச் சொல்லணும். கடையை மையமாக்க ஆள் பாக்க வாராங்க. மதர்போர்டு மாத்தியாச்சு. பல்லி விழுந்து செத்துப்போச்சு."

ஒரு மாதிரி சத்தம் வந்தது. சிரித்தாளா என்னவோ. "எங்க விழுந்துச்சு? தலையில விழுந்தா கலகம்னு போட்டிருக்கும்."

"பவர் சப்ளையில."

"அதுக்குப் பலன் போட்டிருக்க மாட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "சரி, அனுப்பு."

கடைசி நான்கு எண்ணை முழுதாக அடித்தால்தான் கோடு அனுப்புவேன் என்றது கம்ப்யூட்டர். 6147 என்று அடித்தேன்.

"வந்துருச்சு. ஓடிபியை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் கடையில எழுதி ஒட்டுனேன். இருக்கா அது?"

இருக்கிறது. ஃபேன் சுவிட்சுக்கு மேலே. அப்பா அதைக் கிழிக்க மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளே போனேன். சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன் என்பதை அமுக்கச் சொன்னாள். ஒரு பட்டியல் வந்தது. அவள் பேரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள். இரண்டு. ஒன்றில் அவள் பெயர், லேப்டாப் என்று. இன்னொன்றில் என் பெயர்.

"அக்கா, இதுல என் பேரு இருக்கு."

"அதான் கடை மெஷினு. வாங்குன அன்னைக்கே நான் வச்சேன். அப்பாவுக்குத் தெரியாது. கடைக்குத்தான் என் பேரு, மெஷினாச்சும் உன் பேர்ல இருக்கட்டும்னு."

என் பெயரைத் தொட்டு, இப்போது நான் பயன்படுத்துவது இதைத்தான் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றும்போது அக்கா கேட்டாள்.

"ஸ்கூல்லாம் எப்படிப் போகுது? பதினொண்ணுல என்ன குரூப் எடுத்த?"

"ம்" என்றேன்.

"கம்ப்யூட்டர் குரூப்தான?"

"ம்."

ஓரத்திலிருந்த வரி போய்விட்டது. போய்விட்டது என்று சொன்னேன். "வச்சிரட்டா?" என்றாள். "ம்" என்றேன். யாரும் வைக்கவில்லை. பிறகு சார்ஜ் தீர்ந்துவிடும் என்று நான்தான் வைத்தேன்.

அப்பா வந்தபோது கையில் பார்சல் டீ இருந்தது, எனக்கு. ஸ்க்ரீனின் வலது ஓரத்தைப் பார்த்தார். போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். டீயில் சர்க்கரை அதிகம்.

ஜூலை 21, திங்கள்

அப்பா போனில் யார் யாருக்குப் பேசினோம் என்ற பட்டியலை அழிக்கவில்லை. நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பா காலையிலேயே போய்த் திதி கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் மட்டும் எள்ளும் தண்ணீரும் விட்டதாக அம்மா சொன்னாள். 'மட்டும்' என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஜூலை 25, வெள்ளி

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். சின்ன வயதுதான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பிரிண்டரை, ஸ்கேனரை, நாற்காலியை எல்லாம் பார்த்தார். பிறகு ஒரு பென்டிரைவைச் சொருகினார். சாஃப்ட்வேர் ஓடியது. அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை டிக் வந்தது.

"விண்டோஸ் அசல். நல்லது. பாதிப் பேர் இதுலதான் அடிபட்டுருவாங்க." டேப்லெட்டை எடுத்தார். "உரிமையாளர் பேரு?"

"சௌந்தரபாண்டி" என்றார் அப்பா.

"மையம் என்ன பேர்ல சார் வேணும்? கடை பேரு?"

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். அந்த மேடம் விரலை டேப்லெட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரே தையல் மெஷின் நின்றுவிட்டது.

"மேகலா கம்ப்யூட்டர்ஸ்."

சொன்னது நான்தான். டெய்லர் மாமாவுக்கும் கேட்டிருக்கும். ஒரு வருஷமாக அந்தப் பெயரை எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் தெருவில் சத்தமாகச் சொன்னதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன். அப்பா மறுத்துச் சொல்வதற்கு நேரம் இருந்தது. மேடம் ஒவ்வோர் எழுத்தாக அடித்து முடிக்கும்வரை நேரம் இருந்தது.

பிறகு மேடம் வெளியே போய்ப் பெயர்ப் போர்டைப் போட்டோ எடுத்தார். நல்ல வெயில்.

"முன்னாடி பாதி அழிஞ்ச மாதிரி இருக்கே சார். அடியில மட்டும் தெரியுது. அப்ரூவல் வர்றதுக்குள்ள எழுதிருங்க."

அப்பா அண்ணாந்து பார்த்தார். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எழுதிரலாம்" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

பெயின்டர் வரவில்லை. ஆடியில் கோயில் வேலை அதிகமாம். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் வீட்டில் அப்பாவின் போன் அடித்தது. பெயர் வரவில்லை, நம்பர் மட்டும் வந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்பதற்கு முன்னால் என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான்."

எனக்கு இல்லை. அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

அக்கா, மையம் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டாள். அம்மா என் தோளுக்குப் பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொண்டிருந்தாள், பேசவில்லை. வேப்பங்குச்சி என் கன்னத்தில் குத்தியது. பிறகு அக்கா மறுபடியும் கேட்டாள்.

"அன்னைக்கு ம் ம்னு சொன்னியே, எந்த ஸ்கூல்ல பதினொண்ணு சேந்திருக்க? பழைய ஸ்கூல்தானா?"

அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லக்கா" என்றேன். "நின்னுட்டேன். பத்தாவது எழுதல."

"ஏன்டி?"

எனக்குக் கணக்கு வராது என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அக்காவிடம் சொல்ல முடியாது. ஒன்பதாவதில் நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோது விடைத்தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியவள் அவள்.

"மாலு, ஏன்டி நின்ன?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அக்காவின் கேள்வி அறை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். அப்பா எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து, போனைக் கேட்டுக் கையை நீட்டினார்.

கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அக்கா, மாலு, மாலு என்று கூப்பிடுவது எனக்கும் கேட்டது.

"நான்தாம்மா" என்றார் அப்பா. "நான்தான் நிறுத்தினேன்."